அசைடா, ஐசோதயசோலினோனா, எத்தனாலா: நீர்க்கரைசல்கள் கெடாமலிருக்க எதைச் சேர்ப்பது?

பஃபர் (பிஎச் எனப்படும் அமில-கார அளவை மாறாமல் காக்கும் கரைசல்) பாட்டில் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். அடியிலிருந்து பட்டு நூல் போல ஓர் இழை எழுந்து சுற்றினால் அந்தப் பாட்டில் கழிவுக்குத்தான். இழை எதுவும் எழாவிட்டாலும் கரைசல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கண்ணுக்குக் கலங்கல் புலப்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு கோடி பாக்டீரியா சேர்ந்திருக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்போது கரைசல் தெளிவாகவே இருக்கும். ஆனால் புரோட்டியேஸ், நியூக்ளியேஸ், பாஸ்பட்டேஸ் போன்ற நொதிகளும் எண்டோடாக்சினும் (பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து வரும் நச்சு) அதற்குள் கலந்துவிட்டிருக்கும்.

பதப்பொருள், அதாவது கரைசல் கெடாமலிருக்கச் சேர்ப்பது, வருமுன் காப்பதற்கானது. கெட்ட பஃபரில் சோடியம் அசைடு என்னும் பதப்பொருளை ஊற்றினால் பாக்டீரியா பெருகுவது நிற்கும். அவை ஏற்கெனவே விட்டுச்சென்ற நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. எண்டோடாக்சினும் அப்படியே கிடக்கும். அதனால் கீழே ஒப்பிடப்படும் எல்லாமே சுத்தமாகத் தயாரித்த கரைசலுக்கு மட்டும் பொருந்தும்.

தேர்வு செய்யும்போது பலரும் முதலில் கேட்பது "எது வலுவாகக் கொல்லும்?" என்பதைத்தான். அதைவிட முன்னால் கேட்க வேண்டியது, இந்தக் கரைசல் அடுத்து எங்கே போகப்போகிறது என்பது. எச்ஆர்பி (சோதனைகளில் சிக்னல் தரும் பெராக்சிடேஸ்) நொதி இருக்கும் சோதனைக் கிட்டுக்கா, உயிருள்ள செல்லுக்கா, புரதங்களைப் பிரித்தெடுக்கும் ரெசினுக்கா, நிறமாலைமானிக்கா, பெயின்ட் டப்பாவுக்கா? போகும் இடமே பாதித் தேர்வுகளை அடித்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டு மூன்றில்தான் வீரியத்தையும் விலையையும் ஒப்பிட வேண்டும்.

எதுவும் சேர்க்காமலிருப்பது

உப்பு பஃபர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதப்பொருள் தேவையில்லை. 1 லிட்டர் பாட்டிலைத் திறந்து திறந்து மாதக்கணக்கில் பயன்படுத்துவதுதான் சிக்கல். அதையே 100 மி.லி. பாட்டில்களாகப் பிரித்து ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), திறந்ததை ஒரு வாரத்தில் தீர்த்துவிட்டால் கெடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் என்பது திரவம் அந்த வெப்பத்தை எட்டிய பிறகு தொடங்கும் கணக்கு. 100 மி.லி. விரைவில் எட்டிவிடும். 2 லிட்டர் பாட்டிலின் நடுப்பகுதி சூடேற அதைவிட வெகுநேரம் ஆகும். கருவியின் திரையில் 121 தெரிந்ததும் எண்ணத் தொடங்கினால் நடுவிலிருக்கும் வித்துகள் தப்பிவிடும்.

புரதம், பைகார்பனேட், குளுக்கோஸ் உள்ளவற்றை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். இந்த வடிகட்டிகளைப் பிரெவுண்டிமோனாஸ் டிமினுட்டா என்னும் சிறிய பாக்டீரியாவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வீதம் செலுத்திச் சோதிக்கிறார்கள். அதில் தேறினாலும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா இதன் வழியே நுழைந்துவிடும்; அதற்கு 0.1 மைக்ரான் தேவை. எண்டோடாக்சினைச் சாதாரண வடிகட்டி எதுவும் நிறுத்தாது.

நீர்க்காத பஃபரை இருப்பு வைப்பதும் நல்ல வழி. பாஸ்பேட் சலைனின் 10 மடங்கு கரைசலில் உப்பு மட்டுமே 1.37 மோலார் இருக்கிறது. பல பாக்டீரியாக்களால் அதில் தாராளமாகப் பெருக முடியாது. ஆன்டிபாடிகளை 50% கிளிசராலில் மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் உறையவும் உறையாது, எதுவும் வளரவும் வளராது. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியை மட்டும் நம்பக் கூடாது. சூடோமோனாஸ் ஃபுளோரெசன்ஸ் போன்றவை அந்தக் குளிரிலும் நிதானமாகப் பெருகும்.

சோடியம் அசைடு

ஆய்வகத்தில் அதிகம் பழகிய பதப்பொருள் இதுதான். மலிவு, புரதங்களோடு வினைபுரியாது, வெப்பத்திலும் காரத்திலும் நிலைத்திருக்கும். சுவாசச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை முடக்குகிறது. வழக்கமான அளவு 0.02 முதல் 0.05% வரை; 0.1%க்கு மேல் போவதில் பயனில்லை. 2 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து 2% இருப்புக்கரைசல் செய்துகொண்டு, லிட்டருக்கு 10 மி.லி. சேர்த்தால் 0.02%, அதாவது சுமார் 3 மில்லிமோலார் கிடைக்கும். 10% இருப்பு வைத்து லிட்டருக்கு 2 மி.லி. சேர்க்கும் பழக்கமும் உண்டு. கொடிய நஞ்சு என்பதால் 2%தான் நல்லது. கை தவறினாலும் சேதம் குறைவு. எடை போட பிளாஸ்டிக் கரண்டி, கையில் உறை, புகைப்போக்கி அறை மூன்றும் கட்டாயம்.

அசைடு பாக்டீரியாவைக் கொல்வதைவிடத் தடுப்பதே அதிகம். சைட்டோகுரோம் ஆக்சிடேஸை நம்பாமல் நொதித்தல் மூலம் வாழும் ஸ்டிரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் வளரும். நீரில் என்டரோகாக்கஸைத் தேடும் வளர்ப்பு ஊடகத்தில் மற்ற பாக்டீரியாக்களை விலக்க அசைடைத்தான் சேர்க்கிறார்கள். ஆகவே அசைடு போட்ட ஜெலட்டின் கரைசலோ பால்பொடிக் கரைசலோ புளித்துப்போனால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

எங்கெல்லாம் சேர்க்கக் கூடாது? எச்ஆர்பி நொதியை அசைடு முடக்கும். எலைசாவில் (ஆன்டிபாடியும் நொதியும் கொண்டு அளக்கும் சோதனை) சிக்னல் காரணமின்றி மங்கினால் கழுவும் பஃபரில் அசைடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உயிருள்ள செல்களுக்கு ஆகாது. ஆன்டிபாடியில் சாயமோ பயோட்டினோ இணைக்கும் வினைக்கு முன் அதை நீக்கிவிட வேண்டும். மூலக்கூறுகளைக் கோத்து இணைக்கும் கிளிக் வேதியியலில் அசைடுதான் வினைபடுபொருளே; பதப்பொருளாக இருக்கும் அசைடு இணைப்பான்களைத் தின்று தீர்த்துவிடும். நீக்குவது கடினமில்லை: 10 கிலோடால்டன் சுழல் வடிகட்டியில் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் செறிவாக்குவதை மூன்று முறை செய்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், 3 மில்லிமோலார் 3 மைக்ரோமோலார் ஆகும். எச்ஆர்பிக்குப் பதில் கார பாஸ்பட்டேஸ் நொதியை வைக்கும் முறைகளில் அசைடு நொதியை முடக்குவதில்லை.

பெரிய ஆபத்து கழிவுத்தொட்டியில் இருக்கிறது. செம்பு, ஈயக் குழாய்களில் அசைடு படிந்தால் தட்டினாலே வெடிக்கும் உலோக அசைடுகள் உருவாகும். அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமிலம் வெளியேறும். அதன் கொதிநிலை சுமார் 37 டிகிரிதான். ஆவி நஞ்சானது, வெடிக்கவும் கூடியது. அசைடு இருக்கும் பாட்டிலில் பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் "கிருமி நீக்கம்" செய்வது ஆய்வகங்களில் நடக்கும் தவறுகளில் மோசமான ஒன்று. நச்சு வாயு கிளம்பும். டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரினேற்றிய கரைப்பான்களோடும் சேரக் கூடாது. "0.02% தானே, நிறையத் தண்ணீர் விட்டால் போச்சு" என்ற வாதம் ஒரு நாளுக்குச் சரியாகப் படலாம். அதே குழாயில் ஆண்டுக்கணக்கில் ஊற்றுவதைக் கணக்கிட்டால் தனிக் கழிவுக் கலன்தான் ஒரே வழி.

ஐசோதயசோலினோன்கள்

எச்ஆர்பி இருக்கும் கிட்டுகளில் இன்று பெரும்பாலும் இருப்பது சிஎம்ஐடி, எம்ஐடி என்னும் இரண்டு ஐசோதயசோலினோன்கள் 3:1 விகிதத்தில் சேர்ந்த கலவை. புரோகிளின் 300 என்ற பெயரில் வருவதில் 3% செயற்பொருள் கிளைக்காலில் கரைந்திருக்கும். லிட்டருக்கு 0.3 முதல் 0.5 மி.லி. போதும். கணக்குப் போட்டால் 0.5 மி.லி.க்கு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு), 0.3 மி.லி.க்கு 9 பிபிஎம். இந்த வித்தியாசம் முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இந்தக் கலவை 15 பிபிஎம் எட்டினால் தோல் ஒவ்வாமை எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும். சுத்தமாகத் தயாரித்த கழுவும் பஃபருக்கு 9 பிபிஎம் தாராளம். மாதிரிகளை நீர்க்கப் பயன்படும், சீரம் புரதம் நிறைந்த நீர்ப்பானுக்குத்தான் 15 தேவைப்படும்.

இவை பாக்டீரியா, ஈஸ்ட், பூசணம் எல்லாவற்றையும் தாக்கும். அசைடுக்கு இல்லாத பலம் அது. நொதிகளின் தயால் (கந்தகம் உள்ள) தொகுதியைப் பிடித்துக்கொள்வதால் சில நிமிடங்களில் வளர்ச்சி நிற்கும், சில மணி நேரத்தில் செல் இறக்கும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. டிடிடி (டைதயோத்ரைட்டால்), மெர்காப்டோஎத்தனால், குளுட்டதயோன், சல்பைட் போன்ற ஒடுக்கிகளில் எது இருந்தாலும் பதப்பொருள் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். டிடிடி உள்ள பஃபரில் இதைச் சேர்ப்பதில் பொருளே இல்லை. பிஎச் 8.5க்கு மேலும், அமீன்கள் அதிகமிருந்தாலும் சிஎம்ஐடி சிதையும். சூடான கரைசலில் ஊற்றாமல் 40 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். பப்பெயின் போன்ற தயால் நொதிகளையும் இது முடக்கும்.

இன்னொன்று அடிக்கடி கவனத்துக்கு வராமல் போகிறது. சிஎம்ஐடியும் எம்ஐடியும் 275 நானோமீட்டர் அருகே வலுவாக ஒளியை உறிஞ்சும். 280இல் புரதம் அளப்பவர்கள் பதப்பொருள் சேர்த்த அதே பஃபரை வெற்று மாதிரியாக வைக்காவிட்டால் இல்லாத புரதத்தை அளந்துவிடுவார்கள். அசைடு 280இல் தொல்லை தராது, 230க்குக் கீழேதான் குறுக்கிடும். புரதத்தை 280இல் மட்டும் அளக்கும் வேலைக்கு அசைடுதான் வசதி.

தோல் ஒவ்வாமை விளையாட்டல்ல. ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரும். பிறகு சில பிபிஎம் பட்டாலே தடிக்கும். 3% பாட்டிலை நைட்ரைல் உறையோடு மட்டும் தொடுங்கள், சிந்தினால் உறையை உடனே மாற்றுங்கள். தெளிப்பாகவோ ஆவியாகவோ காற்றில் கலக்கும் எதிலும் சேர்க்கவே கூடாது. தென்கொரியாவில் காற்று ஈரப்பதமூட்டிகளில் ஊற்றிய கிருமிநாசினிகளால் நேர்ந்த நுரையீரல் மரணங்கள் 2011இல் வெளிச்சத்துக்கு வந்தன. அங்கே விற்ற பொருட்களில் முதன்மையானது பிஎச்எம்ஜி என்ற வேறொரு கிருமிநாசினி. சிஎம்ஐடி-எம்ஐடி கலவையும் இருந்தது. தோலில் பட்டால் கழுவிவிடக்கூடிய அளவே நுரையீரலுக்குள் போனால் வேறு கதை.

தைமரோசால் என்னும் பழைய பதப்பொருள் 0.01% அளவில் நன்றாகவே வேலை செய்யும், எச்ஆர்பியையும் தொடாது. ஆனால் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். கழிவை அகற்றும் செலவும், 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகான நெருக்கடியும் சேர்ந்து, புதிதாக வடிவமைக்கும் எதற்கும் இதைப் பரிந்துரைக்க இடமில்லை. பென்சிலின்-ஸ்டிரெப்டோமைசின் ஆன்டிபயாடிக் கலவை செல் வளர்ப்புக்கு மட்டும். அதுவும் மெல்லிய தொற்றை மறைத்துவிடும், செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவைப் பென்சிலின் ஒன்றும் செய்யாது.

ரெசின்களுக்கு: எத்தனாலா, காரமா?

குரோமட்டோகிராபி ரெசின்களை 20% எத்தனாலில் வைப்பது பழகிய முறை. வரிசை முக்கியம். முதலில் உப்பு அதிகமுள்ள பஃபர், பிறகு ரெசின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு நீர், அதன்பின் மூன்று முதல் ஐந்து மடங்கு 20% எத்தனால். நடுவில் நீரை விட்டுவிட்டால் பாஸ்பேட்டும் சல்பேட்டும் எத்தனாலில் படிகமாகி ரெசினுக்குள் அடைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்தில் அழுத்தம் எகிறும். 20% எத்தனால் நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு பிசுப்பு உள்ளது, குளிர்ந்தால் இன்னும் கூடும். வழக்கமான ஓட்ட வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் செலுத்த வேண்டும். மூடியை இறுக்காமல் விட்டால் எத்தனால் ஆவியாகி, சில மாதங்களில் ரெசின் வெறும் நீரில் கிடக்கும். திறந்து பார்க்கும்போது மேற்பரப்பில் இளஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ படலம் தெரியும்.

எத்தனால் வித்துகளைக் கொல்லாது, ஏற்கெனவே படிந்த உயிர்ப்படலத்தையும் கரைக்காது. அந்த வேலைக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு: 0.5 மோலார், 30 நிமிடம். சேமிக்கும் முன் இதை ஒரு சுற்று செய்துவிட்டு எத்தனாலுக்குப் போவதே சரியான முறை. காரத்தைத் தாங்கும் அயனிப் பரிமாற்ற ரெசின்களை 10 முதல் 20 மில்லிமோலார் ஹைட்ராக்சைடிலேயே சேமிக்கலாம். பெரிய ஆலைகளில் இதையே விரும்புகிறார்கள். காரணம், 20% எத்தனாலின் தீப்பற்றும் நிலை 40 டிகிரிக்குக் கீழேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான லிட்டரை வைக்கத் தீத்தடுப்பு வசதிகள் தேவைப்படும். 2% பென்சைல் ஆல்கஹாலும் அங்கே ஒரு மாற்று. ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரத ஏ ரெசினில் பழைய வகைகள் 0.1 மோலாருக்கு மேல் காரம் தாங்காது. சிலிக்கா அடிப்படையிலான எதற்கும் காரம் காட்டவே கூடாது; பிஎச் 8ஐத் தாண்டினாலே சிலிக்கா கரையத் தொடங்கும்.

எச்பிஎல்சி (உயர் அழுத்தத் திரவ குரோமட்டோகிராபி) கருவியில் ஓடும் நீர்ப்பகுதியில் இவ்வளவு யோசனை வேண்டாம். 5 முதல் 10% அசிட்டோநைட்ரைல் அல்லது மெத்தனால் சேர்த்தாலே வளர்ச்சி அடங்கும். அதற்கும் இடமில்லாத பாஸ்பேட் பஃபரை அன்றன்று தயாரியுங்கள். பழைய பாட்டிலில் புதிய பஃபரை நிரப்புவதுதான் தொற்றை வாரம் தோறும் கடத்துகிறது. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டில் கிருமி நீக்கிய வடிநீர் மட்டும். செம்புத் தட்டாக இருந்தால் அசைடு வெடிபொருளாகும், பிளீச் உலோகத்தை அரிக்கும், இரண்டின் ஆவியும் செல்களுக்குள் போகும்.

பெயின்ட், பசை, குளிர்விப்பு எண்ணெய்

தொழிற்சாலையில் அளவு மாறுகிறது, ஆனால் தவறுகள் அவையேதான். நீர்சார் பெயின்டில் பிசுப்பைத் தருவது பெரும்பாலும் ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ். பாக்டீரியா விடும் செல்லுலேஸ் அந்தச் சங்கிலியை வெட்டும், பெயின்ட் தண்ணீராகும். பதப்பொருளைக் கூட்டிப் பாக்டீரியாவைக் கொன்ற பிறகும் பிசுப்பு இறங்கிக்கொண்டே போனால் நொதி மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுதியை மீட்க முடியாது.

இங்கே தேர்வு பிஐடி என்னும் இன்னொரு ஐசோதயசோலினோனுக்கும் சிஎம்ஐடி-எம்ஐடிக்கும் இடையில். பிஐடி அகலமான பிஎச் எல்லையிலும் வெப்பத்திலும் நிலைக்கும், மாதங்கள் தாங்கும். ஆனால் மெதுவாக வேலை செய்யும், சூடோமோனாஸ் மீது அதன் பிடி தளர்ந்தது. சிஎம்ஐடி வேகமானது, கார பெயின்டில் சீக்கிரம் சிதையும். ஒன்றைத் தேர்வதைவிட இரண்டையும் சேர்ப்பதே பெரும்பாலும் சரியான விடை: முதல் நாட்களின் தொற்றைச் சிஎம்ஐடி அடக்கும், அலமாரியில் இருக்கும் காலத்தைப் பிஐடி பார்த்துக்கொள்ளும். 20% பிஐடிக் கரைசலை 0.1% சேர்த்தால் 200 பிபிஎம் கிடைக்கும். புரோனோபோல் என்னும் பதப்பொருள் சூடோமோனாஸை அடக்க மிக நல்லது, ஆனால் பிஎச் 8ஐத் தாண்டினால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு விடும். அமிலப் பக்கமுள்ள நிறமிக் குழம்புகளுக்கு அதை ஒதுக்குங்கள்.

அளவு சரியாக இருந்தும் தோற்கும் இடங்கள் மூன்று. எமல்ஷன் பாலிமரில் மிச்சமிருக்கும் பைசல்பைட் சிஎம்ஐடியைத் தின்றுவிடும். பாலிமர் உள்ளே வரும்போதே சல்பைட் சோதனைத்தாளில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, டப்பாவின் மூடிக்கு அடியில் இரவுக் குளிரில் வியர்க்கும் நீர். அதில் பதப்பொருளே இல்லை. பிஐடி ஆவியாவதில்லை என்பதால் அங்கே எட்டவும் எட்டாது. மூடியின் உட்புறம் பூசணமும், உள்ளே நல்ல பெயின்டும் இருந்தால் காரணம் இதுதான். மூன்றாவது, கழுவிய நீரைத் தொட்டியில் சேர்த்து அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்துவது. ஆலைக்குள் தொற்று சுற்றிவருவதற்கு இதைவிட எளிய பாதை இல்லை. அந்தத் தொட்டிக்கும் தனியாகப் பதப்பொருள் போட வேண்டும். குழாய் முனைகளில் நீர் தேங்கும் முட்டுச்சந்துகளை வெட்டியெடுக்க வேண்டும்.

லேத் பட்டறையின் குளிர்விப்புத் திரவத்தில் விடுமுறை முடிந்து இயந்திரத்தைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தால், மேலே மிதக்கும் கசிவு எண்ணெய் காற்றை மூடி சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவை வளர்த்திருக்கிறது. பதப்பொருள் சேர்க்கும் முன் எண்ணெயை வழித்தெடுத்து, ஒளிவிலகல்மானியில் செறிவைப் பார்த்து, பிஎச்சை 9 அருகே கொண்டுவாருங்கள். பல நேரம் அதுவே போதும். ஃபார்மால்டிஹைடு விடும் ட்ரையசீன் பதப்பொருளைத் தொடர்ந்து கொட்டினால் சாதாரண பாக்டீரியா போய், அதைத் தாங்கும் மைக்கோபாக்டீரியா அந்த இடத்தைப் பிடிக்கும். அந்தத் தூறலைச் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமை நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது. டை எத்தனாலமீன் போன்ற இரண்டாம் நிலை அமீன் இருக்கும் திரவத்தில் புரோனோபோலும் வேண்டாம்; புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன் உருவாக வழியுண்டு.

முடிவு செய்யும் முன் சோதனை

அட்டவணையைப் பார்த்து அளவை முடிவு செய்துவிடாமல் உங்கள் பொருளிலேயே சோதியுங்கள். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல் வருமாறு சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்த்து 7, 14, 28ஆம் நாட்களில் எண்ண வேண்டும். பெயின்டுக்கு ஏஎஸ்டிஎம் (சோதனைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) டி2574 என்ற தனி முறை இருக்கிறது. கிருமிச் சேகரிப்பு மையங்களில் வாங்கும் வகைகளோடு, முன்பு கெட்ட தொகுதியிலிருந்து பிரித்தெடுத்த உங்கள் ஆலையின் சொந்த பாக்டீரியாவையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது உங்கள் பதப்பொருளோடு பழகியது. மாதிரியைப் புதிதாக ஒருமுறையும், 50 டிகிரியில் சில வாரங்கள் வைத்த பிறகு மறுமுறையும் சோதித்தால் அலமாரி வாழ்நாள் தெரிந்துவிடும்.

எண்ணும்போது பதப்பொருளின் செயலை முறிக்காவிட்டால் வளர்ப்புத் தட்டுக்குப் போன பிறகும் அது வேலை செய்யும். உயிரோடிருப்பதும் வளராமல் போய், தோற்றுப்போன மாதிரியும் தேறியதாகத் தெரியும். முறிக்க, ஐசோதயசோலினோனுக்குத் தயோகிளைக்கோலேட், குவாட்டர்னரி அமோனிய வகைப் பதப்பொருளுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80உம், அசைடுக்கு நூறு மடங்கு நீர்ப்பது. ஒவ்வொன்றிலும் நூறு செல் மட்டும் விட்டு ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு வையுங்கள். அந்த நூறில் பாதிக்கு மேல் முளைக்காவிட்டால் முறிப்பு போதவில்லை. அன்றைய எண்ணிக்கை எதையும் பதிவேட்டில் ஏற்றக் கூடாது.